பேராலயத் தரையில் ஒரு பெயர்

கர்தினால் ஒருவர் இறந்தால் அவருடைய சிவப்புத் தொப்பியை அவரது கல்லறைக்கு நேர் மேலே கூரையிலிருந்து கட்டித் தொங்கவிடுவது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய வழக்கம். அகன்ற விளிம்பும் பட்டுக் குஞ்சங்களும் கொண்ட தொப்பி அது. நைந்து, தூசியாகி உதிர்கிறவரை யாரும் அதைக் கழற்றுவதில்லை. 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வத்திக்கான் இந்தத் தொப்பியையே நிறுத்திவிட்டது. அதைப் பெற்ற கடைசித் தலைமுறையில் ஒருவர், இந்தியாவின் முதல் கர்தினால் வலேரியன் கிராசியாஸ். கோவா வேர்கொண்ட குடும்பத்தில் 1900இல் கராச்சியில் பிறந்தவர். 1950இல் பம்பாயின் பேராயரானார். 1953 ஜனவரியில் பன்னிரண்டாம் பயஸ் அவரைக் கர்தினாலாக்கினார். 1978 செப்டம்பர் 11 அன்று பம்பாயில் இறந்தார். அதற்கு முந்தைய மாதம் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் ரோமில் கூடியபோது, நோய் காரணமாக அவரால் போக முடியவில்லை. கொலாபாவில் இருக்கும் திருநாமப் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தொப்பியும் அங்கேதான் இருக்கிறது.

மும்பையின் செம்பூர்த் தமிழருக்கு ஞாயிறு பூசைக்குச் சதா சகாய மாதா ஆலயம் பக்கத்திலேயே உண்டு. பேராலயத்துக்குப் போவதென்றால் ஹார்பர் வண்டி ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, கொலாபா பஸ் பிடிக்க வேண்டும். போகிறவர்கள் குறைவு. ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று நான் சொல்வது கட்டடத்துக்காக மட்டுமல்ல (தாஜ் ஓட்டலைக் கட்டி முடித்த சேம்பர்ஸ்தான் 1905இல் முடிந்த இந்தக் கோத்திக் கோயிலுக்கும் வரைபடம் போட்டவர்). நம் காலத்துத் திருச்சபைத் தலைவர் ஒருவருக்குக் கல்லில் நினைவு வைப்பது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதை மும்பை கோட்டைப் பகுதியிலும் கொலாபாவிலும் இருக்கும் இரண்டு பேராலயங்களை ஒரே நாளில் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

முதலில் சட்டம். கோயிலுக்குள் யாரை வேண்டுமானாலும் புதைக்க முடியாது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஆயர்கள், மடாதிபதிகள், கர்தினால்கள், திருத்தந்தை, அரச குடும்பத்தார் ஆகியோருக்கு மட்டுமே அதற்கு இடம் தந்தது. 1983இல் வந்த புதிய சட்டம் பட்டியலை இன்னும் சுருக்கியது. அரசர்கள் போய்விட்டார்கள். திருத்தந்தை, கர்தினால்கள், தங்கள் சொந்த ஆலயத்தில் மறைமாவட்ட ஆயர்கள் என்பதோடு முடிந்தது. ஓய்வுபெற்ற ஆயருக்கும் உரிமை உண்டு. பீடத்துக்கு அடியில் உடல் இருந்தால் அந்தப் பீடத்தில் திருப்பலி நிறைவேற்றக் கூடாது. பழைய சட்டத்தில் அளவே கொடுத்திருந்தார்கள்: பீடத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆக, பேராலயத்துக்குள் ஒரு கல் பதிகிறது என்றால் அதற்குக் கீழே இருப்பவர் அந்த மறைமாவட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் என்று பொருள். பணத்தாலும் செல்வாக்காலும் வாங்க முடியாத இடம் அது.

ஆங்கிலேயர் கட்டிய கோயில்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோட்டைப் பகுதியில் ஹார்னிமன் சர்க்கிள் அருகே இருக்கும் புனித தோமா பேராலயம் 1718 கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்டது. சர்ச்கேட் என்ற பெயரே அந்தக் கோயிலை நோக்கிய கோட்டை வாசலால் வந்தது. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கச் சலவைக்கல். கவர்னர்கள், கப்பல் தலைவர்கள், படை அதிகாரிகள், இளவயதில் காய்ச்சலில் போன மனைவிமார். கவர்னர் ஜொனாதன் டங்கனின் நினைவுச் சின்னத்தில் இந்துச் சிறுவர்கள் அவரை வாழ்த்துகிறார்கள். காசியிலும் கத்தியவாரிலும் அவர் சிசுக்கொலையைத் தடுத்ததைச் சொல்லும் வேலை அது. 1837இல் பம்பாய்க்குத் தனி மறைமாவட்டம் வந்தபோது முதல் ஆயரானவர் தாமஸ் கார். இங்கிலாந்து திரும்பி 1859இல் அங்கேயே இறந்தார். அவருக்கு மேத்யூ நோபிள் செய்த சிலை படுத்த நிலையில் இருக்கிறது. உடல் அங்கே, படுத்த உருவம் இங்கே. கல்லறை மாதிரித் தோன்றினாலும் கல்லறை அல்ல.

இந்த வகைச் சிலைகளின் உச்சம் மும்பையில் இல்லை, சென்னையில் இருக்கிறது. கல்கத்தா ஆயர் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் காலமானார். அன்று காலை கோட்டைக்குள் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு, தங்கியிருந்த பங்களாவின் குளத்தில் குளிக்க இறங்கியவர் மீண்டு வரவில்லை. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்துக்கு பிரான்சிஸ் சான்ட்ரி செதுக்கிய சிலை அந்தக் கடைசிப் பணியையே காட்டுகிறது. ஆயர் நிற்கிறார், அவருடைய கைக்குக் கீழே இந்தியக் கிறிஸ்தவர் இருவர் தலை தாழ்த்தியிருக்கிறார்கள். சான்ட்ரி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திருச்சியில் அன்று காலை திடப்படுத்தல் பெற்றவர்களை அவர் பார்த்திருக்க வழியில்லை. ஆயரின் முகத்தில் ஒரு தனி மனிதர் இருக்கிறார். அந்த இருவர் முகத்தில் ‘இந்தியர்’ என்ற பொதுப்பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கல்லின் வழவழப்பும், அங்கியின் மடிப்பில் நிழல் விழும் விதமும் யாரையும் ஒரு நிமிடம் நிறுத்திவிடும். கலையாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை. யாரிடம் பேசுகிறது என்று பார்த்தால், நன்கொடை கொடுத்தவர்களிடம்தான்.

தஞ்சாவூரில் நிலைமை வேறு. அங்கே பணம் கொடுத்தவர் மன்னர். 1798 பிப்ரவரியில் மறைந்த லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸுக்கு, அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி நினைவுச் சின்னம் வைக்க விரும்பி, ஜான் பிளாக்ஸ்மேனிடம் வேலையைக் கொடுத்தார். சுவார்ட்ஸ் ஆயரும் இல்லை, அந்தக் கோயில் பேராலயமும் இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அந்தச் செதுக்கலில் மரணப் படுக்கையில் கிடக்கும் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மன்னர் சரபோஜியேதான். மிஷன் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு வேலைகளும் லண்டனில்தான் நடந்தன. ஆனாலும் சென்னைச் சிலையில் இந்தியர் பெயரற்றவர், தஞ்சைச் செதுக்கலில் இந்தியர் பெயரோடு இருக்கிறார். பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வித்தியாசம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சுவர்ச் சின்னங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தோர்ணக்கல்லில் இந்தியக் கட்டடமுறையில் ஒரு பேராலயம் எழுப்பினார். 1939 ஜனவரி 6 அன்று அது அர்ப்பணிக்கப்பட்டது. 1945 புத்தாண்டு நாளில் அவர் இறந்தபோது அந்தப் பேராலய வளாகத்திலேயே மண்ணில் அடக்கம் செய்தார்கள். உருவம் வேண்டும் என்றால் கோயிலே அவருடைய உருவம்தான். கத்தோலிக்கப் பேராலயங்களிலும் இதே போக்கு. தலைவர் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்தார். தரைமட்டத்தில் ஒரு பலகைக்கல், பெயர், பிறந்த நாள், பொறுப்பேற்ற நாள், இறந்த நாள், சில வேளை ஆயரின் இலச்சினை.

தரைக்கல்லின் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. பூசைக்கு வருகிறவர்கள் அதன்மேல் நடந்து போக வேண்டும். ஆண்டவர் சந்நிதியில் ஆயரும் மண்தான் என்று அந்தக் காலடிகள் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மிதிபட்டு எழுத்தே தேய்ந்துபோன தரைக்கற்கள் ஏராளம். தேய்ந்ததை யாரும் குறையாக நினைப்பதில்லை.

நம் ஊரில் இது நடக்காது. எழுத்திருக்கும் காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம் நாம். ஒரு பெரியவர் பெயர் வெட்டிய கல்லை மிதிக்கச் சொன்னால் யார் மிதிப்பார்கள்? சுற்றிப் போவார்கள். சிலர் குனிந்து தொட்டுக் கும்பிடுவார்கள். அடுத்த வாரம் ஒரு மெழுகுவத்தி, அதற்கடுத்த வாரம் ஒரு மாலை. நினைவு நாளில் மல்லிகையும் சாமந்தியும் குவியும். பிறகு யாராவது ‘மிதிபடாமல் இருக்கட்டும்’ என்று சங்கிலியோ கயிறோ கட்டிவிடுவார்கள். தாழ்மைக்காகத் தரையில் வைத்த கல், ஐந்து வருடத்தில் வேலி போட்ட சந்நிதியாகிவிடும்.

இதைக் கிறிஸ்தவர்களின் குறையாக நான் எண்ணவில்லை. இது தமிழ் மண்ணின் பழக்கம். பெருமாள் கோயில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். சேர மன்னராக இருந்த ஆழ்வார், அந்தச் சந்நிதியில் ஒரு படியாகக் கிடக்க வேண்டும் என்று வேண்டியதால் வந்த பெயர். அடியார்கள் மிதிக்கும் கல்லாகக் கிடக்க ஆசைப்பட்டவரின் பெயரைப் படிக்கு வைத்தோம். இன்று பக்தர்கள் அந்தப் படிக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். திருமலையில் அதற்குப் பொன் தகடும் வேய்ந்தாயிற்று. கோயில் தரையில் தங்கள் உருவத்தைச் சாஷ்டாங்கமாகச் செதுக்கிக்கொண்ட திருப்பணியாளர்களும் உண்டு. பல இடங்களில் அந்த உருவங்களைத் தாண்டித்தான் ஜனங்கள் போகிறார்கள், மிதித்து அல்ல.

ஆகவே இந்தியப் பேராலயத்தில் தரைக்கல் வைப்பவர்கள் இதை யோசித்துத்தான் வைக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது: நடைபாதையின் நடுவில் வைத்துவிட்டுப் பிறகு சங்கிலி கட்டுவதைவிட, ஆரம்பத்திலேயே பக்கச் சிற்றாலயத்தில், ஒரு சாண் உயரத்தில், உட்கார்ந்து செபிக்க இடம்விட்டு வைப்பது நேர்மையானது. பெரியவர் பக்கத்தில் போய் உட்காருவது நமக்குத் தெரிந்த மரியாதை. அவரை மிதிப்பது தெரியாத தாழ்மை.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கல்லைப் பொறுத்தவரை செம்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமைப்பட உரிமை உண்டு. பக்கத்துக் குர்லாவின் கல்தான் கிராஃபோர்டு மார்க்கெட் போன்ற பம்பாயின் பெரிய கட்டடங்களுக்குப் போனது. வெளிச்சுவருக்கு உள்ளூர்க் கல், உள்ளே சிலைக்குக் கப்பலில் வந்த சலவைக்கல் என்பது அன்றைய ஏற்பாடு. சலவைக்கல் சுண்ணாம்பு வகை. எலுமிச்சை பட்டால் பளபளப்புப் போகும், எண்ணெய் உள்ளே இறங்கும், சாமந்தி மஞ்சள் கறையாக நிற்கும், கடற்காற்றின் உப்பும் ஈரமும் மெல்ல அரிக்கும். மாலையும் மெழுகுவத்தியும் வரப்போகிற இடத்தில் அதைத் தரையில் போடுவது கல்லுக்கு இழைக்கும் அநியாயம்.

மாற்றாக இன்று எல்லோரும் போவது கறுப்புக் கிரானைட்டுக்கு. விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு உலகெங்கும் கல்லறைகளுக்குப் போகிற கல். வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் புவியியலில் அது வேறு பாறை, டோலரைட் வகை. உறுதியில் குறையில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் பல மறைமாவட்டங்களில் கோயில் கல்லறைத் தோட்டத்துக்கான விதிகள் பளபளப்பாக்கிய கறுப்புக் கல்லை அனுமதிப்பதில்லை. சுற்றியுள்ள பழைய கற்களோடு சேராமல் கண்ணைப் பறிக்கிறது என்பது காரணம். நம் மண்ணின் கல் அங்கே வாசலில் நிற்கிறது. எனக்கும் பாலிஷில் உடன்பாடில்லை. கண்ணாடி போல மின்னும் கறுப்புப் பலகையில், படிக்கக் குனிகிறவருக்கு முதலில் தெரிவது தன் முகமும் டியூப் லைட்டும்தான். அதே கல்லை மெருகேற்றாமல் மங்கலாக விட்டு உளியால் வெட்டினால், வெட்டிய இடம் சாம்பல் நிறமாகத் தெளிந்து நிற்கும். தங்க வண்ணம் தேவையில்லை. பூசினாலும் அது நாலு மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

உரியாத வேலைக்கு உளி வேண்டும். உளி பிடிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது கணினியில் எழுத்தமைத்து, ஒட்டுத்தாளில் வெட்டி, கல்லில் ஒட்டி மணல் பீச்சி அரிப்பதுதான் வழக்கம். வேகமான வேலை. ஆனால் அச்சுக்கென்று வரைந்த தமிழ் எழுத்துரு கல்லுக்குப் பொருந்தாது. ண, ழ, ஞ போன்றவற்றின் சுழிகளுக்கு நடுவே மிஞ்சும் மெல்லிய கல் உதிர்ந்துவிடும், புள்ளிகள் மெழுகில் மூடிப்போகும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. நாம் இன்று அப்படி விட முடியாது. ஆகவே புள்ளியை ஆழமாக, கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும், சுழியை அகலமாக்க வேண்டும். எழுத்து குறைவாக இருந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

எவ்வளவு குறைவாக? 2025 ஏப்ரல் 26 அன்று ரோமின் மரியா மஜோரே பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பட்ட திருத்தந்தை பிரான்சிஸ், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2022 ஜூன் 29 தேதியிட்ட தம் விருப்ப ஆவணத்தில், கல்லறை மண்ணில், எளிமையாக, அலங்காரமில்லாமல், தம் பெயர் ஒன்றை மட்டும் இலத்தீனில் தாங்கி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். தாய்வழி முன்னோர் வாழ்ந்த லிகூரியாவின் கல்லில் அப்படியே செய்தார்கள். பட்டம் இல்லை, இலச்சினை இல்லை. ஆனால் முதல் மூன்று எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூடிப்போய், மீதி எழுத்துகள் நெருங்கி நின்றன. உலகெங்கும் எழுத்து வடிவமைப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரே ஒரு சொல்தான் வெட்டப்போகிறோம் என்றால் அந்த ஒரு சொல்லில் பிழைக்கு இடமே கிடையாது.

தமிழில் இந்தச் சுருக்கத்துக்கு முன்னோடி உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட பாறைக்குப் பக்கத்தில், கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் இது என்று சொல்கிறது. அவ்வளவுதான். பட்டங்களும் புகழும் கிடையாது, யார் கல் வெட்டினார்கள் என்பதும் கிடையாது. ஆசிரியர் ஒருவரின் பெயர், அவர் செய்தது, அதற்கு ஓர் எண். ஒரு சமயத் தலைவருக்குத் தமிழில் வெட்டிய மிகப் பழைய நினைவுக் கற்களுள் ஒன்று இது. இன்று நம் ஆயர்களின் கற்களில் எந்தெந்தப் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார் என்பதுவரை எழுதிவைக்கிறோம்.

இலங்கையின் மன்னாரை நினைக்காமல் இதை முடிக்க முடியவில்லை. ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை நெடுந்தீவில் 1940இல் பிறந்தவர். 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தின் ஆயர். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று யாழ்ப்பாணத்தில் காலமானார். ஏப்ரல் 5 அன்று மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் நல்லடக்கம் நடந்தது. அவர் வாழ்ந்தது நினைவுக் கற்களை ராணுவமும் அதிகாரிகளும் இடித்துத் தள்ளிய நாட்டில். மாவீரர் துயிலும் இல்லங்கள் புல்டோசருக்கு இரையாயின. அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முன்புதான், 2021 ஜனவரி 8 இரவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகே மறுபடி கட்ட ஒப்புக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பேராலயத்துக்குள் ஓர் ஆயருக்கு மட்டும் திருச்சபைச் சட்டம் தருகிற அந்தச் சில அடி நிலத்துக்கு வேறொரு கனம் உண்டு.

2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, ஆண்டகை அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களையே வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வன்னியில் 2008 அக்டோபரில் இருந்த மக்கள்தொகை, உள்நாட்டுப் போர் முடிவில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகை, இரண்டுக்கும் இடையே கணக்கில் வராதவர்கள் 1,46,679 பேர். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பதில் வரவில்லை. அவருக்குக் கல் வெட்டும் பொறுப்பு என்னிடம் இருந்திருந்தால் பிறந்த தேதியையும் இலச்சினையையும் விட்டுவிட்டு, திருநாதர்குன்றுக் கல் போலப் பெயரையும் அந்த எண்ணையும் மட்டும், மெருகேற்றாத கறுப்புக் கல்லில், தமிழில் வெட்டியிருப்பேன்.